பாட்டின் தரமும் பிள்ளையின் தரமும்

இரணைமடுக் குளத்து வாய்க்கால் போய் முடியும் கடைசி ஊர்களுள் ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்திக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் பியானோ கற்பித்தோம். பியானோ கற்பித்தோம் என்பது முழு உண்மையாகாது. எம்மிடம் இருந்தது தேவாலயம் ஒன்றிலிருந்து இரவல் பெற்ற மின் ஓர்கன். அதில் 61 கட்டைகள். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவான ஒலியைத் தருவது. மின்சாரம் நின்றால் பாடமும் நிற்கும். அந்தக் கருவியிலேயே அவள் மூன்றாந் தரப் பரீட்சைக்குரிய மூன்று உருப்படிகளையும் பழகினாள். பரீட்சை நாளன்று நகரத்து மண்டபம் ஒன்றில்தான் மெய்யான பியானோவின் முன் முதன்முதலாக அமர்ந்தாள். அதன் கட்டைகள் அவள் விரல்கள் அறிந்தவற்றிலும் மிகக் கனமானவை. மெதுவாக வாசிக்க வேண்டிய இடங்களில் சில சுரங்கள் ஒலிக்கவே இல்லை. முடிவு வந்தபோது தேர்ச்சிக்கு 2 புள்ளிகள் குறைந்திருந்தன.

அப்போது அவள் எம்மிடம் கேட்டது இதுதான்: "சேர், நான் வாசிச்சது மூன்றாந் தரப் பாட்டுத்தானே? அப்ப நான் எந்தத் தரம்?"

உடனே மறுமொழி சொல்ல எம்மால் இயலவில்லை. அவளுடைய கேள்வியில் இரண்டு தரங்கள் இருந்தன. ஒன்று பாட்டினுடையது, மற்றது பிள்ளையினுடையது. முதலாவதை நிர்ணயிக்கும் முறையை நாம் ஓரளவு அறிவோம். இரண்டாவதை நிர்ணயிக்க எவருக்கேனும் உரிமை உண்டா? முதலாவதைக் கொண்டு இரண்டாவதைத் தீர்ப்பது நீதியாகுமா? இவ்வினாக்களையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நிலத்துக்கும் நீருக்கும் தொழிலுக்கும் மக்கள் ஏங்கி நிற்கும் வன்னியில் பியானோவைப் பற்றிப் பேசுவது வீண் ஆடம்பரமன்றோ என வாசகர் சிலர் வினவக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் மனிதரைத் தரம் பிரிக்கும் வேலை எமது சமுதாயத்தில் எங்கும் நடைபெறுகின்றது. புலமைப்பரிசிற் பரீட்சையில், பல்கலைக்கழக அனுமதியில், வேலை நியமனத்தில், ஏன், திருமணப் பேச்சிலும் அது நடைபெறுகின்றது. பியானோ உருப்படிகளைத் தரம் பிரிப்பதில் அவ்வேலை மிகத் தெளிவான உருவில், எண்களாகவே, எம் கண்முன் நிற்கின்றது. தெளிவான ஓர் உதாரணத்தைப் பிடித்து ஆராய்வது ஏனையவற்றையும் விளங்கிக்கொள்ள உதவும். மேலும், இசை வயிறு நிறைந்தவர்க்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் எமதன்று.

தரங்கள் எவ்வாறு ஏற்பட்டன என்பதை முதலிற் காண்போம். இங்கிலாந்தின் இசைக் கல்லூரிகள் இரண்டு இணைந்து 1889ஆம் ஆண்டில் ஒரு பரீட்சைச் சபையை நிறுவின. தொடக்கத்தில் அச்சபை வகுத்தவை கீழ்நிலை, மேல்நிலை என்னும் இரண்டு படிகளே. இன்று நாமறிந்த எட்டுத் தரங்கள் பின்னர் உருவானவை. இலண்டன் திரினிற்றிக் கல்லூரியும் இத்தகைய பரீட்சைகளை நடத்துகின்றது. பிரித்தானியர் ஆட்சி இந்நாட்டில் விட்டுச் சென்றவற்றுள் இவையும் அடங்கும். ஆட்சி போன பின்னும் பரீட்சைகள் போகவில்லை. அவை இன்றும் இலங்கையில் நடைபெறுகின்றன. முன்சொன்ன சபையின் செய்முறைப் பரீட்சையில் மொத்தப் புள்ளிகள் 150. மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, சுர வரிசைகளுக்கு 21, முன்பின் காணாத சுரக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, கேள்விஞானத்துக்கு 18. நூறு பெற்றால் தேர்ச்சி, 120 பெற்றால் திறமைச் சித்தி, 130 பெற்றால் அதிவிசேட சித்தி. முதலாந் தரத்துக்கும் எட்டாந் தரத்துக்கும் கணக்கு ஒன்றே. மாறுவது கடினம் மட்டுமே.

பரீட்சையோடு தொடர்பில்லாத தரப்பிரிவுகளும் உண்டு. ஜெர்மனியில் 1948இல் தொடங்கப்பெற்ற ஹென்லே பதிப்பகம் தான் வெளியிடும் பியானோ உருப்படிகளுக்கு 1 முதல் 9 வரை எண் இடுகின்றது. முதல் மூன்றும் எளிது, அடுத்த மூன்றும் நடுத்தரம், இறுதி மூன்றும் கடினம் என்பது அதன் வகுப்பு. அவ்வெண்களை இட்டவர் றோல்ஃப் கோனென் என்னும் பியானோக் கலைஞர். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அந்த எண்ணைப் பார்த்தே மாணவருக்குரிய நூலைத் தெரிகின்றனர். ஆகவே இந்தத் தீர்ப்பு பயனுள்ள தீர்ப்பு என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் கடினம் என்பது எங்கே இருக்கின்றது? தாளில் அச்சிட்ட குறிகளிலா, வாசிப்பவர் கையிலா, வாசிக்கும் கருவியிலா?

பீத்தோவன் 1810ஆம் ஆண்டளவில் எழுதிய 'எலீசாவுக்கு' என்னும் சிறு உருப்படியை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கத்தை இரண்டு ஆண்டு பழகிய பிள்ளைகளும் வாசித்துவிடுவர். இடையில் வரும் பகுதிகளிலோ விரைந்தோடும் சுரங்களும் ஒரே சுரத்தை விடாது அடிக்கும் இடங்களும் வந்து கையைத் தடுக்கும். இதற்கு எந்தத் தரம் கொடுப்பது? மிகக் கடினமான இடத்தைக் கொண்டு தீர்ப்பதா, முழுவதையும் சராசரி பார்ப்பதா? இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். ஏதேனும் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும் என்பதே உண்மை.

இன்னோர் உதாரணம். மொசார்ட் 1788இல் எழுதிய சி மேஜர் சொனாற்றாவைத் தொடக்கநிலையாளருக்குரியது என்று தம் கையாலேயே தம் பட்டியலிற் குறித்தார். விரல்களைப் பொறுத்தவரை அது பெருங்கடினம் உடையதன்று. ஆயினும் மொசார்ட்டின் சொனாற்றாக்கள் குழந்தைகளுக்கு மிக எளியவை, கலைஞருக்கு மிக அரியவை என்னும் கருத்துப்படப் பேசியதாகப் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபல் பெயரில் ஒரு கூற்று வழங்குகின்றது. சுரங்கள் குறைவாக இருப்பதால் பிழையை மறைக்க இடமில்லை; ஒவ்வொரு சுரமும் வெளியே நிற்கும். மெதுவாகப் பாடும் பாட்டு விரைவாகப் பாடும் பாட்டிலும் கடினமானது என்பதைக் கர்நாடக இசை பயின்ற எவரும் அறிவர். விரைவில் நடுக்கம் தெரியாது; சௌக்க காலத்தில் மூச்சின் ஒவ்வொரு தளர்வும் கேட்கும்.

கருவியின் நிலையும் இதுவே. மொசார்ட் காலத்துப் பியானோ ஐந்து ஸ்தாயிகளே கொண்டது. இன்றைய பெரும் பியானோவின் 88 கட்டைகள் அதில் இல்லை. அதன் கட்டைகள் இலேசானவை, ஆழம் குறைந்தவை. அதில் எளிதாக ஓடிய விரல் இன்றைய கனத்த கட்டைகளில் உழைத்தே ஓட வேண்டும். ஆகவே உருப்படி ஒன்றாக இருந்தும் கருவி மாறியதால் கடினம் மாறிவிட்டது. கையும் அவ்வாறே. இன்றைய பியானோவில் ஒரு ஸ்தாயியின் அகலம் ஏறத்தாழ 16.5 சென்ரிமீற்றர். வளர்ந்த ஆண் ஒருவரின் விரல்கள் அதனை எளிதில் எட்டும். பத்து வயதுச் சிறுமியின் விரல்களுக்கு அது பெருந்தூரம். இத்தூரத்தைத் தீர்மானித்தபோது அச்சிறுமியை எவரும் கேட்கவில்லை.

இவற்றைக் கொண்டு, கடினம் என்று ஒன்று இல்லை, எல்லாம் அவரவர் மனத்தைப் பொறுத்தது என்று சிலர் முடிவு கட்டுவர். அது தவறான முடிவு. லிஸ்ற் எழுதிய பெரும் பயிற்சி உருப்படிகள் தொடக்கநிலை நடனப் பாட்டொன்றிலும் கடினமானவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. லிஸ்ற் தாமே அவற்றுள் ஒரு தொகுதியை 1837இல் மிகக் கடினமாக்கினார். பின் 1852இல் அக்கடினத்தைக் குறைத்துத் திருத்தி வெளியிட்டார். கூட்டவும் குறைக்கவும் கூடிய பொருள் உண்மையில் இருக்கும் பொருளே. ஆனால் அது உருப்படிக்குள் தனியே கிடக்கும் பொருளன்று. உருப்படிக்கும் கைக்கும் கருவிக்கும் பயிற்சிக்குக் கிடைத்த காலத்துக்கும் இடையிலுள்ள உறவு அது. தரம் இடுபவர் இந்த நான்கில் ஒன்றை மட்டுமே காண்கிறார். மற்ற மூன்றையும் அவர் கற்பனை செய்துகொள்கிறார். நல்ல பியானோ, போதிய பயிற்சி நேரம், வாரந்தோறும் வரும் ஆசிரியர், இவை எல்லாம் உள்ள ஒரு மாணவன் அவர் மனத்தில் இருக்கின்றான். அந்த மாணவனுக்கு எது கடினமோ அதுவே கடினம் என்று எழுதப்படுகின்றது.

இதனை விளக்கப் பொருளியலிலிருந்து ஓர் ஒப்புமை காட்டலாம். ஒரு பண்டத்தின் மதிப்பை அளப்பது சமுதாய ரீதியில் அவசியமான உழைப்பு நேரம் என்று 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். அதாவது, வழமையான கருவிகளைக் கொண்டு சராசரித் திறமையோடு செய்ய எவ்வளவு நேரம் வேண்டுமோ அந்நேரம். விசைத்தறி வந்தபின் கைத்தறி நெசவாளன் முன்போலவே உழைத்தான். ஆனால் அவனுடைய ஒரு மணி நேரம் சந்தையில் அரை மணி நேரமாகவே எண்ணப்பட்டது. அவனுடைய வியர்வையைச் சந்தை கேட்கவில்லை. தரச் சான்றிதழும் அத்தகையதே. இரவல் ஓர்கனில் மின்சாரம் இருந்த மாலைகளில் மட்டும் பழகிய பிள்ளையின் ஈராண்டு உழைப்பும், வீட்டுக் கூடத்துப் பியானோவில் பழகிய பிள்ளையின் ஓராண்டு உழைப்பும் அங்கே ஒரே எண்ணாக எழுதப்படுகின்றன.

வன்னியின் நிலையை இங்குச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1990 முதல் 2002 வரை ஏ-9 நெடுஞ்சாலை மூடிக் கிடந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த பின்னரே திறந்தது. அக்காலத்திற் பொருட்தடையால் எரிபொருளும் மின்கலமும் அரிய பண்டங்கள் ஆயின. குப்பி விளக்கில் படித்த தலைமுறை ஒன்று அங்கே வளர்ந்தது. 2009இல் வன்னி மக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இடம்பெயர்ந்து, பெரும்பாலோர் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டனர். அம்முகாம்களின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்னும் பெயர்கள் இடப்பட்டன. மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இசைக் கல்லூரி தாங்கியதும் இராமநாதன் பெயரே. ஒரே பெயர் ஓரிடத்தில் இசை கற்கும் மண்டபத்துக்கும், மற்றோரிடத்தில் முட்கம்பிக்குள் இருந்த கூடாரங்களுக்கும் உரியதாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்டில் முகாம்களிலிருந்த மாணவர் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதினர். நாடெங்கும் உள்ள மாணவருக்கு வழங்கப்பட்ட அதே வினாத்தாளே அவர்களுக்கும் வழங்கப்பட்டது. அந்த வினாத்தாள் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று யார் சொல்ல வல்லார்?

எமது மரபில் தரம் பிரிக்கும் முறை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. புரந்தரதாசர் வகுத்ததாகக் கருதப்படும் கர்நாடக இசைப் பாடமுறை மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையிற் தொடங்கும். ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை எனப் படிப்படியாக ஏறும். கடினத்தை எண்ணிப் பார்த்தே இவ்வரிசை அமைந்தது. ஆனால் அது பாடம் சொல்லும் வரிசை. ஒரு படி முடிந்ததா என்பதைக் குருவின் செவி தீர்க்கும். ஒரே சரளி வரிசையில் ஒரு பிள்ளை மாதத்தையும் மற்றொரு பிள்ளை வருடத்தையும் கழிக்கலாம். பின்னர் பரீட்சைகளும் வந்தன. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை முதலாந் தரம் தொடங்கி ஆசிரியர் தரம் வரை பரீட்சை நடத்திக் 'கலாவித்தகர்' பட்டம் வழங்கி வருகின்றது. வன்னியின் சங்கீத ஆசிரியர் பலர் இப்படிகளில் ஏறி வந்தவர்களே. ஏறுவதற்குப் படி வேண்டும் என்பதை அவர்கள் வாழ்வே காட்டும். ஆகவே தரங்களை ஒழித்துவிட வேண்டும் என்று கூறுவோருடன் நாம் உடன்படவில்லை. பழைய குருகுலத்தில் குருவின் விருப்பு வெறுப்பும் சாதி பார்க்கும் வழக்கமும் பல பிள்ளைகளை வாயிலிலேயே நிறுத்தின. எழுதி வைத்த பாடத்திட்டமும் அறிவிக்கப்பட்ட புள்ளிமுறையும் அந்த அநீதிக்கு எதிராக ஏழைப் பிள்ளைகளுக்கு ஓரளவு பாதுகாப்பளித்தன. இதை மறந்து பழைமையைப் போற்றுதல் ஆகாது.

கூத்து மரபு இன்னொரு வகையைக் காட்டுகின்றது. முல்லைத்தீவு மண்ணின் கோவலன் கூத்தையும் அதற்குரிய முல்லைமோடியையும் அறியாதார் வன்னியில் இலர். கூத்தை ஆடப் பழக்கும் அண்ணாவியார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதை முதலில் தீர்க்க வேண்டும். எந்தப் பாட்டு உச்சத்துக்குப் போகும், எந்த ஆட்டம் காலை முறிக்கும் என்பதை அவர் நன்கறிவார். அதே வேளை, வயலில் வேலை முடித்து இரவில் வந்து நிற்கும் இளைஞனின் குரலையும் உடலையும் அறிவார். பாட்டின் கடினத்தையும் ஆளின் நிலையையும் அவர் ஒன்றாக வைத்து நோக்குகிறார். எண் எதுவும் எழுதுவதில்லை. ஆனால் அரங்கேற்ற இரவில் குரல் உடைந்தால் ஊர் சிரிக்கும். அங்கே சலுகை இல்லை. அண்ணாவியாரின் கனிவும் ஊரின் கண்டிப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பதைக் கவனிக்க வேண்டும். எமது விசாரணைக்கு இது வழிகாட்டும்.

இனி நீதிப் பிரச்சினைக்கு வருவோம். வன்னிப் பிள்ளைக்குப் பரீட்சகர் சில புள்ளிகளைக் கூட்டிக் கொடுக்க வேண்டுமா?

ஆசிரியருள் இரு கட்சியினர் உளர். அளவுகோல் ஒன்றே, அதனால் எல்லோருக்கும் சமநீதி என்பர் ஒரு சாரார். இதற்கு மறுமொழி 1875இல் மார்க்ஸ் எழுதிய கோத்தா வேலைத்திட்ட விமர்சனத்தில் உண்டு. சமமில்லாத மனிதரை ஒரே கோலால் அளக்கும் சம உரிமை, உள்ளடக்கத்தில் சமமின்மையின் உரிமையே என்பது அவர் அங்கே நிறுவிய கருத்து. வன்னி விவசாயிக்கு இதை விளக்க நூல் வேண்டியதில்லை. வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலும் கடைசியில் உள்ள வயலும் ஒரே ஏக்கர்தான். தலைப்பு வயலுக்கு நீர் நிறைந்து பாயும். கடைசி வயலுக்கு வருவது கசிவு. இரண்டிலும் ஒரே விளைச்சலை எதிர்பார்த்து, குறைந்தவனைச் சோம்பேறி என்பது எவ்வகை நீதி?

ஆகவே புள்ளிகளைக் கூட்டிக் கொடுங்கள் என்பர் மற்றச் சாரார். இங்கேதான் நாம் தயங்குகின்றோம். சுரம் ஒலித்ததா இல்லையா என்பது ஓர் உண்மை. ஒலிக்காத சுரத்தை ஒலித்ததென்று எழுதுவது பிள்ளைக்கு உதவியாகாது. அவளுடைய செவியை நாமே ஏமாற்றுவதாகும். மேலும், "இவள் வன்னிப் பிள்ளை, இவளுக்கு இவ்வளவு போதும்" என்னும் இரக்கத்தில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கின்றது. கருணையின் பேரால் ஒருவரைத் தாழ்த்தி வைப்பது அதிகார வர்க்கத்துக்குப் பழக்கமான தந்திரம்.

'தரப்படுத்தல்' என்னும் சொல்லை நினைவுகூராமல் இதைப் பேசவும் இயலாது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாகப் புள்ளிகள் திருத்தப்பட்டபோது தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்டது இன அநீதி. அதை அவ்வாறே சொல்ல வேண்டும். ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறொரு கேள்வியையும் எழுப்பியது. நூலகமும் ஆய்வுகூடமும் உள்ள ஊரின் பிள்ளையும், அவை இல்லாத வவுனியாக் கிராமத்துப் பிள்ளையும் ஒரே இடத்திலிருந்தா ஓட்டத்தைத் தொடங்குகின்றனர்? எம்முட் பலர் முதலாவதன் மீதிருந்த நியாயமான கோபத்தில் இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்தனர். பின்னாளில் வகுக்கப்பெற்ற அனுமதி முறையிலும் நாடளாவிய திறமைக்கு 40 வீதமும், மாவட்ட அடிப்படைக்கு 55 வீதமும், கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதமும் ஒதுக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். இங்கே ஒரு வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. மொழிவாரித் திருத்தம் மாணவன் எழுதிய விடையின் மதிப்பையே மாற்றியது. மாவட்ட ஒதுக்கீடு விடையின் மதிப்பைத் தொடவில்லை. இடங்களைப் பங்கிடும்போது புறப்பட்ட இடத்தையும் கணக்கில் எடுத்தது. முன்னையது பொய் அளவை. பின்னையது, குறைகள் பல இருப்பினும், பங்கீட்டில் நீதி தேடும் முயற்சி.

எமது முடிவு இதிலிருந்தே பிறக்கின்றது. தரம் என்னும் ஒரே சொல்லுக்குள் மூன்று தீர்ப்புகள் கலந்து கிடக்கின்றன. உருப்படி எவ்வளவு கடினம் என்பது ஒன்று. அன்று அது எவ்வளவு நன்றாக வாசிக்கப்பட்டது என்பது இரண்டு. வாசித்தவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பது மூன்று. முதல் இரண்டையும் பரீட்சகர் நேர்மையாகத் தீர்க்கட்டும். அதில் ஊரோ இனமோ வர்க்கமோ குறுக்கிட வேண்டாம். மூன்றாவதைத் தீர்க்க அவருக்கு வழியுமில்லை, உரிமையுமில்லை. அது ஆசிரியரின் பொறுப்பு, சமுதாயத்தின் பொறுப்பு. ஆசிரியர் நியமனத்திலும், உயர்கல்வித் தெரிவிலும், உதவிப் பணத்திலும் இடங்களைப் பங்கிடும்போது அம்மூன்றாம் கணக்கு வெளிப்படையாக வந்தாக வேண்டும். முதலிரண்டின் எண்ணைப் பார்த்துப் பிள்ளையின் ஆற்றலையே தீர்த்துவிடும் வழக்கந்தான் ஒழிய வேண்டியது.

இவ்வாறு எழுதும் எமக்கே இதில் குற்றம் உண்டு. அம்மாணவி தவறிய பின் நாம் அஞ்சினோம். அடுத்து வந்த மாணவன் ஒருவனை, அவன் கை எட்டியிருந்த தரத்துக்கு ஒரு படி கீழே பரீட்சைக்கு அனுப்பினோம். தோல்வி வராதிருக்க வேண்டும் என்பதே எமது எண்ணமாயிருந்தது. அவன் மிகச் சிறந்த புள்ளிகளுடன் தேறினான். ஊரில் பாராட்டினர், எமக்கும் மகிழ்ச்சி. சில மாதங்களில் அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏனென்று தாயாரிடம் விசாரித்தபோது, "அவனுக்குத் தெரிஞ்சதைத்தானே சேர் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுறீங்களாம்" என்றார். பரீட்சைச் சபை அவனைத் தாழ்த்தவில்லை. நாமே தாழ்த்தினோம். வறிய பிள்ளைக்கு எளிய பாட்டு என்று தெரிந்தெடுக்கும் ஒவ்வோர் ஆசிரியரும், பின்தங்கிய பாடசாலைக்குச் சுருக்கிய பாடம் போதும் என்று எண்ணும் ஒவ்வோர் அதிகாரியும் இக்குற்றத்திற் பங்காளிகளே. அண்ணாவியார் வயலிலிருந்து வந்தவனுக்குச் சேவகன் வேடந்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. குரல் இருந்தால் அவனுக்கே கோவலனைக் கொடுக்கிறார். கொடுத்தபின் அவன் அந்த உயரத்தை எட்டும்வரை இரவிரவாகப் பழக்குகிறார்.

செய்ய வேண்டியவை அரியவையல்ல. கல்விக் கோட்டம் ஒன்றுக்கு ஒரு பியானோவேனும், அது இயலாதவிடத்துக் கனத்த கட்டைகள் கொண்ட மின் பியானோ ஒன்றேனும், பல பாடசாலைப் பிள்ளைகளும் முறைவைத்துப் பழகத்தக்கதாக ஒரு பொது மண்டபத்தில் இருக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய நாளிலாவது பிள்ளை அந்த மண்டபத்துக் கருவியைத் தொட்டுப் பார்க்க இடமளிக்க வேண்டும். பரீட்சகர் வன்னிக்கு வரலாம். முப்பது பிள்ளைகள் நகரத்துக்குப் போவதிலும் ஒருவர் வருவது எளிது. வாத்தியத்துக்கும் பாதைச் செலவுக்கும் உதவ ஆசிரியர் சங்கங்களும் பழைய மாணவரும் முன்வர வேண்டும். இவற்றைக் கேட்பது இரந்து நிற்பதாகாது. வாய்க்காலின் கடைசி வயலுக்கும் நீர் வரவேண்டும் என்று விவசாயி கேட்பது பிச்சையா?

அம்மாணவிக்கு நாம் பிந்தியேனும் மறுமொழி சொன்னோம். "பாட்டு மூன்றாந் தரம். அண்டைக்கு நீ வாசிச்சதில 2 புள்ளி குறைஞ்சது; அது உண்மை, அதை நான் மறைக்கேல்லை. ஆனால் பிள்ளைக்குத் தரம் எழுத ஆராலும் ஏலாது" என்றோம். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்ப சேர், பியானோ இருக்கிற இடம் ஒண்டு தேடித் தாங்கோ" என்றாள். தத்துவத்தை நாம் சொன்னோம். அதன் நடைமுறையை அவள் சொல்லிவிட்டாள்.

அடுத்த பரீட்சைக்கு முன் ஒரு வாரம் நகரத்து நண்பர் ஒருவர் வீட்டில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பழக அவளுக்கு ஒழுங்கு செய்தோம். அதே மூன்றாந் தரந்தான், உருப்படிகளும் அவையே. தேறினாள். அவளுடைய ஆற்றல் அந்த ஒரு வாரத்தில் மாறியிருக்க வழியில்லை. மாறியது கருவி மட்டுமே. ஒரு வாரப் பியானோ இல்லாமையால் முந்திய ஆண்டு அவளைத் தவறியவள் என்று எழுதிய நாம், வன்னியெங்கும் இன்னும் எத்தனை பிள்ளைகளை அவ்வாறு எழுதி வைத்திருக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.